மாட்டுங்கா ஷோகேஸில் பாக்கியத்தின் படம்

1

என் ஸ்டூடியோவின் கண்ணாடி ஷோகேஸில் வெள்ளிக்கிழமைதோறும் பூச்சரம் தொங்கும். பம்பாய்க்கு வந்துபோகும் நம் ஊர்க்காரர்கள் சிலராவது அதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வாரத்திலிருந்து அது கிடையாது. உள்ளே சாமி படத்துக்கு மட்டும் ஒரு முழம், அவ்வளவுதான். பூக்கார லட்சுமி அக்காவுக்கு மனத்தாங்கல். ஒரு வாடிக்கை போனதே என்று புலம்பினாள். அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். நல்லபடியாக முடிந்த விஷயம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமாகிப் பம்பாய் வந்தவள். வீட்டுக்காரர் மாட்டுங்கா மார்க்கெட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அடுத்த தெருவில் என் ஸ்டூடியோ. பொம்பளை போட்டோ பிடிப்பதா என்று முகம் சுளித்தவர்கள்தான், தங்கள் பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் முதல் ஆளாக என்னிடம் வந்தார்கள். தாராவியிலிருந்து நம் ஜில்லா முஸ்லிம் வீட்டுப் பெண்கள் வருவார்கள். ஆண்பிள்ளை காமிராவுக்கு முன்னால் முக்காட்டை விலக்க மாட்டார்கள்; என்னிடம் வந்தால் அரட்டையை நிறுத்திப் படம் எடுப்பதுதான் கஷ்டம். மிச்ச நேரத்தில் இந்தப் பத்திரிகைக்கு எழுத்து. அதற்கும் மேல் எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது நன்றாகப் பாடினால், ஆடினால், அவர்களை மேடையேற்றிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

"ஒனக்கு காமிரா ஒரு கண்ணு, பேனா ஒரு கண்ணு. கச்சேரின்னு வந்துட்டா ரெண்டு கண்ணும் தெரியாது" என்பார் வீட்டுக்காரர். ஆனாலும் ஹால் வாடகைக்குப் பணம் கேட்டால் கல்லாவைத் திறந்துவிடுவார். அவரைப்பற்றி இவ்வளவு எழுதினால் போதும், தலைக்கனம் ஏறிவிடும்.

2

பாக்கியத்தை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். தாராவியில் ஒரு சடங்கு வீட்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தபோது, பின்சந்திலிருந்து ஒரு குரல் வந்தது. எண்ணெய்ச் சட்டி இரைச்சலைத் தாண்டி வந்த குரல். எட்டிப் பார்த்தால் ஒருத்தி முறுக்கு பிழிந்துகொண்டே வில்லுப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். சடங்கு வீட்டுக்காரர்கள் என்னைத் தேடி வரும்வரை அங்கேயே நின்றேன்.

அவள் அப்பா நம் பக்கத்தில் வில்லுப்பாட்டுக் குழு நடத்தும் பேர்போன அண்ணாவி. சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவள். அதே குழுவில் குடம் அடித்த ஆறுமுகத்தை அப்பா சம்மதம் இல்லாமல் கட்டிக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிவிட்டாள். ஆறுமுகத்துக்குத் தோல் கிடங்கில் வேலை. இவள் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறாள். அன்றிலிருந்து ஊரில் அப்பா வீட்டில் இவள் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்பது அண்ணாவியின் உத்தரவு. இதையெல்லாம் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அம்மாவைப் பற்றிக் கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது.

மாட்டுங்காவில் ஒரு ஹாலில் அவளைப் பாடவைப்பது என்று முடிவு செய்தேன். நம் சங்கீத ரசிகர்கள் லேசுப்பட்டவர்களா?

"வில்லுப்பாட்டா? அது கோயில் கொடையில பாடறதோன்னோ? நம்ம ஆடியன்ஸுக்கு ஒத்துவருமா?" என்றார் சபா காரியதரிசி.

"ஒத்துவரலேன்னா எழுந்து போகட்டும் மாமா. கதவைத் திறந்தே வைக்கிறேன்" என்றேன்.

அடுத்தது போலீஸ். ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்க வேண்டும். என்ன வாத்தியம் என்று கேட்ட அதிகாரிக்கு என் இந்தியில் வில் என்பதைச் சொன்னேன். மனிதர் பேனாவை மூடிவிட்டார். அம்பு எத்தனை என்று கேட்டார். அம்பு கிடையாது, பாட்டுத்தான் என்றேன். அம்பில்லாமல் வில் எதற்கு என்றார். நியாயமான கேள்வி. கடைசியில் மேஜை விளிம்பில் இரண்டு பென்சிலால் தட்டி, பாக்கியத்தின் பாட்டை என் கட்டைக் குரலில் பாடிக் காட்டினேன். பொறுக்க முடியாமலோ என்னவோ உடனே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

3

விளம்பரத்துக்குத்தான் அந்தப் படம். பாக்கியத்தை ஸ்டூடியோவுக்கு வரச்சொல்லி எடுத்தேன். எத்தனையோ முகங்களை எடுத்திருக்கிறேன், இப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். நெற்றியில் வட்டப் பொட்டு, நேர்ப் பார்வை, உதட்டில் சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் காலத்தில் அவளுக்காக ஒரு ரோலையே செலவழித்தேன். நல்லதாக ஒன்றை ஆளுயரத்தில் பாதிக்குப் பெரிதாக்கி, கறுப்புச் சட்டம் போட்டு ஷோகேஸ் நடுவில் மாட்டினேன். கீழே பலகையில் அவள் பெயர், கச்சேரி தேதி. ஹால் பெயரையும் நேரத்தையும் எழுத வேண்டிய பெயிண்டர் பாதியில் தன் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வந்த லட்சுமி அக்கா சாமி படத்துக்குப் பூ வைத்த கையோடு, "மூஞ்சி மகாலச்சுமி மாதிரி இருக்கு, வெறுமனே விடலாமா?" என்று இந்தப் படத்துக்கும் ஒரு சரத்தைப் போட்டுவிட்டுப் போனாள். எனக்கும் பார்க்க அழகாக இருந்தது. வாராவாரம் போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

நம் ஊர்க்காரர்களே, இந்த இடத்தில் நீங்கள் என்னைத் திட்டுவது எனக்குக் கேட்கிறது. பாளையங்கோட்டையில் என் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர். நான் இருட்டறை வேலை படித்ததே அவரிடம்தான். யாராவது ஒரு கல்யாண குரூப் போட்டோவைக் கொண்டுவந்து, அதில் ஒரு முகத்தின்மேல் விரலை வைத்து, "இவாள மட்டும் பெரிசாக்கணும்" என்பார்கள். அப்பா வேறு ஒன்றும் கேட்கமாட்டார். பேனாவை எடுத்துக்கொண்டு மெதுவாக, "என்னைக்கு வேணும்?" என்பார். பதினாறாம் நாளுக்குள் என்று பதில் வரும். நம் வீடுகளில் ஒருவர் தனியாக, பெரிதாக, சட்டத்துக்குள் சுவரேறுவது அந்த ஒரு காரணத்துக்குத்தான். அதெல்லாம் தெரிந்தவள்தான் நான். ஆனால் இந்தப் பம்பாயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சினிமா நட்சத்திரங்களின் முகம் மாடி உயரத்துக்கு நிற்கிறது. அவர்களெல்லாம் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். பெரிய முகம் என்றால் பெரிய ஆள் என்று என் கண் பழகிவிட்டது.

அந்த வாரம் கருப்பட்டி வியாபாரமாகப் பம்பாய் வந்த ஒருவர், பாக்கியத்தின் ஊர்க்காரர், என் கடைத் தெரு வழியாகப் போயிருக்கிறார். பெரிய படம். பொட்டு. மாலை. கீழே பெயர், ஒரு தேதி. மத்தியானம் நான் இருட்டறை வேலைக்காகக் கடையைச் சாத்திவைப்பது வழக்கம், அதனால் கதவும் பூட்டு. துக்கத்துக்குக் கடை அடைத்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு? அன்று சாயங்காலமே அவருக்கு ரயில்.

4

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. நடந்தபோது ஒன்றும் தெரியாது.

கச்சேரிக்கு முந்தின வியாழக்கிழமை. இருட்டறையில் இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் பெண் மீனா கதவைத் தட்டினாள்.

"அம்மா, பாஹர் ஒரு புட்டா ஆத்மி பைட்கே அழறார். சச்சி!"

வெளியே ஒரு கிழவர் உட்கார்ந்து அழுகிறாராம். இவளுடைய தமிழை நினைத்து நான் அழவேண்டியது வேறு கணக்கு. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஷோகேஸுக்கு எதிரே நடைபாதையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தோளில் பை, மடியில் துண்டு. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்துக் கடைக் குஜராத்திக்காரர் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"இந்தப் படத்த எடுத்தது ஆரு தாயி?" என்று கேட்டார் பெரியவர்.

"நாந்தான் அய்யா."

"என்னைக்கு எடுத்திய?"

"போன மாசம்."

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கா." மறுபடி படத்தைப் பார்த்தார். "சின்னதுல எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கா. என்ன சீக்கு தாயி? பேறுகாலமா?"

யாருக்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பார்வை போன இடத்துக்கு என் பார்வையும் போனது. போன வெள்ளிக்கிழமைச் சரம் வாடி, சட்டத்தின் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அய்யா, நீங்க பாக்கியத்தோட அப்பாவா?"

தலையை ஆட்டினார்.

"அய்யா, அவ சாகல. நல்லா இருக்கா. தாராவியில முறுக்கு சுட்டுக்கிட்டு இருக்கா. ஞாயித்துக்கிழம பாடப்போறா, அதுக்குத்தான் இந்தப் படம்."

நான் எதிர்பார்த்தது சந்தோஷம். வந்தது கோபம். எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப மால எதுக்கு? உசுரோட இருக்கவளுக்கு எதுக்கு மால போட்ட? அங்க ஒருத்தி அன்ன ஆகாரம் இல்லாமக் கெடக்கா, தெரியுமா ஒனக்கு?"

ஷோகேஸைத் திறந்து பூவைப் பிய்த்து எறிந்தேன். படத்தையும் இறக்கி, முகம் சுவர்ப்பக்கமாக வைத்தேன். மீனா அதற்குள் ஒரு டாக்ஸியைக் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டாள். தமிழ் வராவிட்டால் என்ன, சமயத்தில் புத்தி வருகிறது.

5

தாராவியில் இறங்கியதும் சந்து முனையில் நின்றுவிட்டார். உள்ளே வர மாட்டேன் என்றார். நான் மட்டும் ஓடிப்போய்ச் சொன்னேன். பாக்கியம் மாவுக் கையோடு வந்தாள். பத்தடி தள்ளி நின்றுவிட்டாள். அவரும் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இடையில் ஒரு தண்ணீர்க்குழாய், அதற்குக் குடம் வரிசை.

"ஒங்கம்ம சோறு திங்கல" என்றார் அண்ணாவி. இத்தனை வருஷத்துக்கப்புறம் மகளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுததையும், அவர் வேஷ்டியெல்லாம் கடலை மாவானதையும் நான் விவரிக்கப்போவதில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டதால் சரியாகப் பார்க்கவும் இல்லை. ஆறுமுகம் வேலை முடிந்து வந்தான். மாமனாரைப் பார்த்ததும் சந்து முனையிலேயே நின்றுகொண்டான். அண்ணாவி அவனைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். அன்று ராத்திரி அவர் தங்கியது எங்கள் வீட்டில்தான்.

பாக்கியம் நலம், உயிரோடு இருக்கிறாள் என்று உடனே ஊருக்குத் தந்தி அடித்தோம். அங்கேதான் இன்னொரு கூத்து. தந்தி என்றால் நம் வீடுகளில் என்ன செய்தி வரும்? தந்திக்காரரை வாசலில் கண்டதுமே பாக்கியத்தின் அம்மா மயங்கி விழுந்துவிட்டாள். படித்துச் சொன்னதையும் நம்பவில்லை. மறுநாள் அண்ணாவியின் தங்கை மகனிடமிருந்து பதில் தந்தி வந்தது. அத்தை நம்பவில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை, உடனே வரவும் என்று.

அதை வாசித்துக் காட்டியதும் பாக்கியம், "நான் இப்பவே ரயிலேறுதேன்" என்றாள்.

ஏறினால் மூன்றாம் நாள்தான் போய்ச்சேர முடியும். ஏற்கெனவே பட்டினி கிடக்கிற உடம்பு அதுவரை தாங்குமா? கச்சேரி போனால் போகட்டும் என்று நான் உண்மையாகவே நினைத்தேன். உயிரோடிருக்கும் பெண்ணின் படத்தைக் காட்டி ஒரு தாயைக் கொன்றவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அப்போது வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். திருநெல்வேலி டவுனில் அவருக்கு ஆணி, கம்பி விஷயமாகப் பழக்கமான சுடலைமுத்து அண்ணாச்சி இருக்கிறார். கடையில் போன் உண்டு. காலையில் வண்டி அனுப்பி அந்த அம்மாளைக் கடைக்கு அழைத்துவரச் சொல்லலாம். நாம் இங்கிருந்து டிரங்க் கால் போடலாம்.

"தந்தியை நம்பாதவ கொரல நம்புவா" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

6

சனிக்கிழமை காலை எங்கள் இரும்புக் கடையில் எல்லாரும் கூடினோம். அண்ணாவி ஸ்டூலில். பாக்கியம் கல்லாவுக்குப் பக்கத்தில், போனையே பார்த்துக்கொண்டு. ஆறுமுகம் வாசல் ஓரமாக, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில். பம்பாய் எக்ஸ்சேஞ்ச், மெட்ராஸ் எக்ஸ்சேஞ்ச், மதுரை எக்ஸ்சேஞ்ச் என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டு போய், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் சுடலைமுத்து அண்ணாச்சியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"அம்மா வந்துட்டாவ. நிக்க முடியல, உக்கார வச்சிருக்கேன். குடுக்கேன்."

ரிசீவரை பாக்கியத்தின் காதில் வைத்தேன். என் காதையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். நாகரிகம் பார்க்கிற நேரமா அது?

"அம்மா, நாந்தாம்மா, பாக்கியம்."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும். பிறகு ஒரு மெல்லிய குரல். "பாக்கியம் போயிட்டா. நீ ஆரு?"

"அம்மா, நாந்தாம்மா!"

"என்னயத் தேத்துததுக்கு எவளையோ பேச வைக்காவ. நீ ஆரு பெத்த பிள்ளையோ, நல்லா இரு தாயி."

அண்ணாவி ரிசீவரைப் பிடுங்கினார். போனை அவர் பிடித்ததே அன்றுதான். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, நாந்தான் சொல்லுதேன், இருக்காட்டி, என் கண்ணு முன்னால நிக்கா!" என்று மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். நான் சரியாகத் திருப்பிக் கொடுப்பதற்குள் நேரம் முடியப்போகிறது என்று எக்ஸ்சேஞ்ச் பெண் எச்சரித்தாள். இன்னொரு மூன்று நிமிஷம் கொடம்மா, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று எல்லாப் பாஷையிலும் கெஞ்சினேன்.

பாக்கியம் ரிசீவரை வாங்கினாள். கண்ணை மூடினாள். பாட ஆரம்பித்துவிட்டாள்.

கோயில் கொடையில் முதலில் பாடுகிற காப்புப் பாட்டு. குரல் நடுங்கி, முதல் அடி முழுசாக வரவில்லை. இரண்டாவது அடியில் எங்கிருந்தோ தாளம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஆறுமுகம் ஒரு காலி பெயிண்ட் டப்பாவை மடியில் கவிழ்த்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தான். அடி விழுந்ததும் அவள் குரல் நிமிர்ந்தது. ஆணி வாங்க வந்த மராத்திக்காரர்கள் இரண்டு பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். வில்லுப்பாட்டில் தலைவர் ஒரு அடி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடவேண்டும். பாக்கியம் அடியைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். அந்த இடைவெளியில், ஸ்டூலில் இருந்த அண்ணாவி தன்னை அறியாமல் "ஆமா!" என்றார். மகள் தலைவராக, அப்பா ஆமா போட்டது அதுதான் முதல் தடவை என்று அப்புறம் அவளே சொன்னாள்.

பாட்டு முடிந்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று எனக்கு உயிரே போயிற்று.

பிறகு அந்த மெல்லிய குரல் வந்தது. இப்போது அவ்வளவு மெல்லியதாக இல்லை.

"மூணாவது அடியில ஏன் ஓடுத? எத்தன தடவ சொல்லியிருக்கேன், நின்னு பாடுன்னு? அங்க ஒனக்கு என்ன ரயிலா போகுது?"

பாக்கியம் ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். "திட்டிட்டா அக்கா, மூணாவது அடியில ஓடுதேன்னு எங்கம்ம திட்டிட்டா!" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. நான்தான் ரிசீவரை வாங்கிப் பேசினேன். சுடலைமுத்து அண்ணாச்சி, "கஞ்சி கேக்காவ, கஞ்சி கேக்காவ" என்று இரண்டு தடவை சொன்னார். அதோடு லைன் போய்விட்டது.

அப்பாடா என்று மூச்சுவிட்டு அரிசி மூட்டை மாதிரி அப்படியே தரையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் எல்லாருக்கும் டீ சொன்னார், ஆணி வாங்க வந்தவர்களுக்கும் சேர்த்து. பாக்கியம் ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டு அன்றே அப்பாவோடு ஊருக்கு ரயிலேறுவது என்று தீர்மானமாயிற்று.

ஆறுமுகம் டப்பாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் வாசலைப் பார்க்க நகர்ந்தான். அண்ணாவி அவனைப் பார்க்காமல், டீயை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"அவ மட்டுமா ஓடுனா? கொடமும் சேந்துதான் ஓடிச்சு. நாளைக்கி நின்னு அடியும் மாப்ள" என்றார்.